கருமணலில் மோனசைட்டை இனம் கண்டு மாதிரி எடுப்பது: முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடப்புறத்தில் முதன்முதலாக இறங்கும் நிலவியல் மாணவர், ஒரு பிடி கருமணலை அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, மஞ்சளாக எதுவும் மின்னுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். மின்னும். "சார், மோனசைட்!" என்று கூப்பிடுவார். லென்ஸ் வைத்துப் பார்த்தால் துருக்கறை பிடித்த குவார்ட்ஸாகவோ, தேய்ந்துபோன கிளிஞ்சல் துணுக்காகவோ இருக்கும்.

பல ஆண்டுகளாக மாணவர்களைக் களத்துக்குக் கூட்டிப்போன பின் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று இது: மோனசைட்டை நேராகத் தேடினால் கிடைக்காது. மற்ற கனிமங்களை ஒன்றன்பின் ஒன்றாக விலக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் அது தானாக மிஞ்சும். அதனால் இந்த வேலையில் வரிசைதான் முக்கியம். கீழே உள்ள படிகளில் ஒன்றை முன்பின்னாகச் செய்தாலும் அடுத்தது குழம்பும்.

மோனசைட் ஓர் அருமண் பாஸ்பேட். சீரியம், லாந்தனம், நியோடிமியம் ஆகிய அருமண் தனிமங்கள் இதில் உண்டு. கூடவே கதிர்வீச்சு வெளியிடும் தோரியமும் உண்டு. அந்தத் தோரியம்தான் அடையாளம் காண உதவுகிறது. எச்சரிக்கையாக இருக்கவேண்டிய காரணமும் அதுவே.

1. முதலில் அனுமதி

இந்தியாவில் மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வரும் கனிமம். கடற்கரை மணல் கனிமங்களை எடுக்கும் உரிமை 2019 முதல் அரசுக்கும் அரசு நிறுவனங்களுக்கும் மட்டுமே. இதோடு கடற்கரை ஒழுங்காற்று விதிகளும் உண்டு. ஆகவே "ஒரு பாட்டில் மணல்தானே" என்று தனி ஆளாக அள்ளிக்கொண்டு வர முடியாது. வரவும் கூடாது.

உங்கள் கல்லூரியோ ஆய்வு நிறுவனமோ எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை கிராம், எந்த ஆய்வுக்கு, மாதிரி கடைசியில் எங்கே இருக்கும் என்ற ஐந்தும் கடிதத்தில் இருக்கட்டும். அனுமதி கடிதத்தின் நகல் களத்தில் உங்கள் பையில் இருக்க வேண்டும், போனில் மட்டும் இருந்தால் போதாது. மாதிரி உங்களுடையதல்ல, நிறுவனத்துடையது என்பதையும் முதல் நாளே மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

அனுமதி இல்லையா? கவலைப்பட வேண்டாம். கீழே உள்ள அடையாளம் காணும் படிகளைக் கல்லூரி ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கும் மணல் மாதிரியை வைத்துப் பழகலாம். உண்மையில் களத்துக்குப் போகும் முன் ஒருமுறை அப்படிப் பழகிவிட்டுப் போவதே நல்லது.

இன்னோர் அனுமதியும் உண்டு. அது சட்டத்தில் இல்லை. மணல் என்றாலே அந்தக் கரையோர ஊர்களில் கவலையும் கோபமும் இருக்கின்றன, நியாயமான காரணங்களோடு. குழி வெட்டும் முன் ஊர்க் கமிட்டியையோ பங்குத்தந்தையையோ பார்த்து, யார் நீங்கள், எதற்கு வந்தீர்கள் என்று சொல்லுங்கள். ஒருமுறை நாங்கள் சொல்லாமல் இறங்கிவிட்டோம். அரை மணி நேரத்தில் சுற்றி முப்பது பேர். தவறு எங்களுடையது. வேலையை நிறுத்திவிட்டு, மன்னிப்புக் கேட்டு, மறுநாள் முறையாக வந்தோம்.

2. பையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ், இரண்டு வகைக் காந்தம் (ஒன்று சாதாரணக் காந்தம், மற்றது நியோடிமியம் காந்தம்), 0.25 மி.மீ. கண் உள்ள சல்லடை, அரிக்க ஒரு தட்டு, இரண்டு வாளி, வெள்ளைப் பீங்கான் தட்டு, தையல் ஊசி, கெய்கர் கவுண்டர் (கதிர்வீச்சை எண்ணும் கருவி), அளவு நாடா, சிறிய மண்வெட்டி, அழியாத மை பேனா, கெட்டியான ஜிப் பைகள், கையுறை, முகக்கவசம். ஐந்து லிட்டர் நல்ல தண்ணீரும், பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் ஒரு சிறு குப்பியில் கொஞ்சமும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் எல்லோரும் மறப்பார்கள். ஏன் தேவை என்பது ஆறாவது படியில் தெரியும்.

அரிக்கும் தட்டுக்கு அலைய வேண்டாம். பொன் அரிக்கும் பிளாஸ்டிக் தட்டு இருந்தால் நல்லது. இல்லையென்றால் வழவழப்பான உட்புறமுள்ள பெரிய சிரட்டைகூடச் சிறு அளவுக்குப் போதும். இரும்புத் தட்டு மட்டும் வேண்டாம். காந்தம் வைக்கும்போது தட்டோடு ஒட்டிக்கொண்டு தொல்லை தரும்.

காந்தம் இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். வெறும் காந்தத்தை மணலில் வைத்தால் ஒட்டிய துகள்களைப் பிரிக்க ஒரு பொழுது போய்விடும். உறையோடு வைத்தால், உறையிலிருந்து காந்தத்தை உருவியதும் துகள்கள் உதிர்ந்துவிடும்.

3. எப்போது போவது, எங்கே பார்ப்பது

கருமணலை அலைதான் தரம் பிரிக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அலை ஓங்கி அடிக்கும்போது, லேசான குவார்ட்ஸ் மணலைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும். கனமானது கரையில் தங்கும். வீட்டில் முறத்தில் கொழிக்கும்போது உமியும் தவிடும் பறந்து மணி நிற்பதைப் போன்றதே இதுவும்.

கடியப்பட்டணத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களிடம் சொன்னார்: "மக்களே, ஆடிக் கடலு அடிச்சு ஓயட்டும். அப்புறம் வந்து பாருங்க, கருப்பு தனியா தெளிஞ்சு கெடக்கும்." எந்தப் பாடநூலைவிடவும் நல்ல அறிவுரை. அலை உச்சத்தில் இருக்கும்போது போகாதீர்கள். அது தணிந்த சில நாட்களில் போங்கள். அப்போதுதான் புதிதாகப் படிந்த அடுக்கு, காற்றும் மனிதக் காலும் கலைக்காமல் கிடைக்கும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: ஆற்று முகத்துவாரத்தின் இரு பக்கம் (இங்கே வள்ளியாறு கடலில் சேரும் பகுதி), பாறை முனைக்கு அருகே வளைந்து உள்வாங்கிய கரை, உயர் அலைக் கோட்டுக்குச் சற்று மேலே கறுப்புப் பட்டை தெரியும் இடம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் பாறைகளான கோண்டலைட்டும் சார்னோகைட்டும் சிதைந்து, ஆறு வழியாக வந்த துகள்கள்தாம் இவை. அதனால் ஆறும் அலையும் சந்திக்கும் இடமே தொடங்க ஏற்றது.

கடலுக்கு முதுகைக் காட்டி உட்காராதீர்கள். இந்தக் கரையில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. காற்றில்லை, மழையில்லை, வானம் தெளிவாக இருக்கும். தொலைதூரக் கடலில் எழுந்த அலை திடீரென்று ஏறி வரும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்கள். கிளம்பும் அன்று காலையில் இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம்) எச்சரிக்கையைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் அன்றைய வேலை இல்லை. குழி வெட்டும்போது ஒருவர் கடலைப் பார்த்தபடி நிற்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது.

4. கவுண்டரை ஊருக்குள்ளேயே ஓட்டுங்கள்

இது பலர் தலைகீழாகச் செய்யும் படி. கடற்கரைக்கு வந்து, கருமணல் மேல் நின்றுகொண்டு, "பின்னணி அளவு" (மாதிரி இல்லாதபோதும் கவுண்டர் காட்டும் எண்ணிக்கை) எடுப்பார்கள். அந்த இடமே தோரியத்தால் கதிர்வீச்சு கூடிய இடம். அங்கே எடுத்த அளவைப் பின்னணியாக வைத்தால், அப்புறம் மாதிரியில் வரும் எண்ணிக்கை பெரிய வித்தியாசமாகவே தெரியாது. "சார், கவுண்டர் வேலை செய்யவில்லை" என்பார்கள். கவுண்டர் சரியாகத்தான் இருக்கும்.

தங்கும் அறையிலோ, கரையிலிருந்து விலகிய இடத்திலோ ஐந்து நிமிடம் எண்ணுங்கள். மூன்று முறை. சராசரியைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். திரையில் அந்த நொடி காட்டும் எண்ணை நம்பாதீர்கள்; அது துள்ளிக்கொண்டே இருக்கும். மொத்த எண்ணிக்கைதான் கணக்கு. நூறு எண்ணிக்கை வந்தால் அதில் பத்து அளவுக்கு ஏறலாம், இறங்கலாம். நானூறு வந்தால் இருபது. அதாவது எண்ணிக்கையின் வர்க்கமூலம். நீண்ட நேரம் எண்ணச் சொல்வது இதனால்தான்.

5. குழி வெட்டி அடுக்கைப் படிப்பது

மேற்பரப்பில் அள்ளாதீர்கள். மேலே இருப்பது நேற்றைய காற்று கொண்டுவந்தது. முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, ஒரு பக்கச் சுவரை மண்வெட்டியால் செங்குத்தாகச் சீவுங்கள். கறுப்பு, வெளுப்பு, இளஞ்சிவப்பு என்று பட்டை பட்டையாகத் தெரியும். இளஞ்சிவப்பு கார்னெட் என்ற கனிமம் மிகுந்தது, கறுப்பு இல்மனைட் என்ற கனிமம் மிகுந்தது.

அளவு நாடாவைச் சுவரில் தொங்கவிட்டுப் படம் எடுங்கள். மேலிருந்து எத்தனை செ.மீ.யில் எந்தப் பட்டை தொடங்குகிறது, முடிகிறது என்று எழுதுங்கள். அப்புறம்தான் மணலைத் தொட வேண்டும். சுவர் காய்ந்தால் சரிந்துவிடும். சரிந்த பின் அடுக்குகளை யாராலும் மீட்க முடியாது. படம் எடுக்காமல் அள்ளிய மாதிரி, எங்கிருந்தோ வந்த மணல் மட்டுமே. ஆய்வுக்கு அதனால் பயனில்லை.

கறுப்புப் பட்டையிலிருந்து ஒன்று, அதற்கு மேலுள்ள வெளுத்த பட்டையிலிருந்து ஒன்று என இரண்டு மாதிரி எடுங்கள். வெளுத்தது எதற்கு? பின்னால் கவுண்டரில் ஒப்பிட உங்களுக்குக் கையில் ஒரு "ஒன்றுமில்லாத மணல்" வேண்டும்.

6. சலிப்பதும் அரிப்பதும்

முதலில் சலிப்பு. தண்ணீரில் கூடவே படியும் துகள்களில் கனமானது சிறியதாகவும் லேசானது பெரியதாகவும் இருக்கும். ஒரே வேகத்தில் கீழே இறங்க, லேசானதற்குப் பருமன் கூட வேண்டும். ஆகவே 0.25 மி.மீ. சல்லடையில் ஈரமாகச் சலித்தாலே பெரிய குவார்ட்ஸும் கிளிஞ்சலும் மேலே நின்றுவிடும். கனமான கனிமத் துகள்கள் பெரும்பாலும் கீழே இறங்கும். ரவை சலிக்கும் சல்லடை இதற்குப் போதாது, கண் பெரிது.

அப்புறம் அரிப்பு. அரிசியில் கல் அரிக்கத் தெரிந்தவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கையசைவு அதேதான், நோக்கம் மட்டும் மாறுகிறது. அங்கே மேலே மிதந்து வருவது வேண்டும், அடியில் நிற்பது வேண்டாம். இங்கே அடியில் நிற்பதுதான் வேண்டும். என் மாணவர்களில் சமையலறைப் பழக்கம் உள்ளவர்கள் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். மற்றவர்களுக்கு அரை நாள் பிடிக்கும்.

தட்டில் மூன்றில் ஒரு பங்கு மணல், மேலே தண்ணீர், அதில் சோப்புத் திரவம் ஒரே ஒரு துளி. காய்ந்த நுண்துகள்களைத் தண்ணீரின் மேற்பரப்பு தாங்கிப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு கனமான துகளாக இருந்தாலும் மிதந்து வெளியே போய்விடும். சோப்பு அந்தப் பிடியை விடுவிக்கிறது.

தட்டை மட்டமாகப் பிடித்துப் பக்கவாட்டில் இருபது முப்பது முறை அசையுங்கள். இது கனமானதை அடிக்கு இறக்கும். அதன் பிறகு மட்டும் முன்பக்கம் சாய்த்து, மெல்லிய அலைபோலத் தண்ணீரை விட்டு மேலுள்ளதை வழித்துவிடுங்கள். மறுபடி மட்டம், மறுபடி அசைவு. புதியவர்கள் முதல் அசைவை விட்டுவிட்டு நேராகச் சாய்க்கத் தொடங்குவார்கள். கனமானது கீழே இறங்கும் முன்பே வெளியே கொட்டிவிடும்.

வழிந்து போவது இரண்டாவது வாளிக்குள் விழட்டும். கடலில் கொட்டாதீர்கள். அந்த வாளியை ஒருமுறை திரும்ப அரித்துப் பாருங்கள். அதில் கறுப்பு நிறைய இருந்தால் உங்கள் கை இன்னும் பழகவில்லை.

எப்போது நிறுத்துவது? இதில்தான் ஒரு தந்திரம் உண்டு. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. சிலிமனைட் 3.2, கார்னெட் சுமார் 4, ரூட்டைல் 4.2, இல்மனைட்டும் சிர்கானும் 4.7 அளவில், மோனசைட் 5 அல்லது சற்றுக் கூட. குவார்ட்ஸை அரித்து நீக்கலாம். சிலிமனைட்டையும் ஓரளவு நீக்கலாம். ஆனால் இல்மனைட்டையும் மோனசைட்டையும் தட்டில் பிரிக்க முடியாது, வித்தியாசம் அவ்வளவு குறைவு. "இன்னும் கொஞ்சம் அரித்தால் மஞ்சள் மட்டும் நிற்கும்" என்று விடாமல் அரிப்பவர், மஞ்சளையும் சேர்த்து இழப்பார். வெள்ளைத் துகள்கள் அரிதானதும் நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, வெள்ளைத் தட்டில் பரப்பிக் காயவையுங்கள். கடல் தண்ணீரோடு காயவைத்தால் உப்புப் பூத்துத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். அடுத்த படியில் காந்தம் ஒரு இல்மனைட் துகளை இழுக்கும்போது அதோடு ஒட்டிய மோனசைட்டும் போய்விடும்.

7. காந்தம்: இந்த வேலையின் இதயம்

நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். தொட்டால் விரலில் ஒட்டாமல் சர்க்கரை போல உதிர வேண்டும். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் இந்தப் படி வீண்.

முதல் சுற்று, சாதாரணக் காந்தம். மணலுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் மெதுவாக நகர்த்துங்கள். மயிர் சிலிர்த்ததுபோலக் குத்திட்டு எழுந்து ஒட்டுவது மேக்னடைட். தனித் தாளில் உதிர்த்து "ஒன்று" என்று எழுதுங்கள். இந்தக் கரையில் இது கொஞ்சம்தான் இருக்கும்.

இரண்டாவது சுற்று, நியோடிமியம் காந்தம், அதே விரற்கடை உயரம். இப்போது கறுப்பு கொத்துக் கொத்தாக எழும். இது இல்மனைட். மணலின் பெரும்பகுதி இதுவே. அவசரப்படாமல் பத்துப் பன்னிரண்டு முறை ஓட்டுங்கள். இது "இரண்டு".

மூன்றாவது சுற்று, அதே காந்தம், உயரத்தைப் பாதியாகக் குறைத்து. மிச்ச இல்மனைட்டோடு இளஞ்சிவப்புக் கார்னெட் வரத் தொடங்கும். இது "மூன்று".

நான்காவது சுற்றில் காந்தம் மணலைக் கிட்டத்தட்ட உரச வேண்டும். மணலை ஒரே துகள் கனத்துக்குப் பரப்பிக்கொள்ளுங்கள். இப்போது கூர்ந்து பாருங்கள்: சில மஞ்சள் துகள்கள் துள்ளி ஒட்டாது, ஆனால் காந்தம் நகரும் திசையில் உருண்டு வரும், சில உறையின் விளிம்பில் தயங்கித் தயங்கி ஒட்டும். அதுதான் நாம் காத்திருந்தது. மோனசைட்டின் காந்த ஈர்ப்பு மிகக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. இது "நான்கு".

அசையாமல் கிடப்பது "ஐந்து": சிர்கான், ரூட்டைல், சிலிமனைட், மிச்சக் குவார்ட்ஸ். இதிலும் கொஞ்சம் மோனசைட் தங்கியிருக்கும். அது தவறு அல்ல, கைக்காந்தத்தின் எல்லை அவ்வளவுதான்.

உங்கள் கையிலுள்ள காந்தத்தின் நியோடிமியமும் அந்த மஞ்சள் துகளுக்குள் இருப்பதும் ஒரே தனிமம் என்பதை இந்த இடத்தில் மாணவர்களுக்குச் சொல்வேன். அதுவரை சலிப்போடு உட்கார்ந்திருந்தவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

பிழை எங்கே நடக்கிறது? முதலிலேயே வலுவான காந்தத்தை மணலில் முக்குவதில்தான். எல்லாம் ஒரே கொத்தாக வந்துவிடும். இல்மனைட் கொத்துக்குள் மோனசைட் சிக்கிக்கொள்ளும். உயரத்தைப் படிப்படியாகக் குறைப்பதுதான் பிரிப்பே.

8. லென்ஸ் வழியே

நான்காம் குவியலை வெள்ளைத் தட்டில் பரப்பி வெயிலில் வையுங்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, தட்டைக் கண்ணருகே கொண்டுவாருங்கள். லென்ஸைத் தட்டருகே வைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

மோனசைட் துகள் சிறிய முட்டை போல, மூலைகள் தேய்ந்து இருக்கும். நிறம் தேன் மஞ்சளிலிருந்து செம்பழுப்பு வரை. ஆனால் நிறத்தைவிட முக்கியம் மினுக்கம். கண்ணாடி போலப் பளிச்சென்று இருக்காது. குங்கிலியம் போல, மெழுகு தடவியது போல மங்கிய எண்ணெய் மினுக்கம். இதைச் சொற்களால் முழுதாகச் சொல்ல முடியாது. ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது.

ஏமாற்றுபவை இவை:

கறைபடிந்த கார்னெட். துருப்பிடித்து மஞ்சளாகத் தெரியும், ஆனால் உடைந்த முகங்கள் கூர்மையாக, கண்ணாடி போல மின்னும். அடியில் எங்காவது இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும்.

சிர்கான். நிறமற்றதாகவோ வெளிர் மஞ்சளாகவோ அரிசி மணி வடிவில், மிகப் பளபளப்பாக. குற்றலை புற ஊதா விளக்கில் பெரும்பாலும் ஆரஞ்சு மஞ்சளாக ஒளிரும். மோனசைட் அப்படி ஒளிராது. அந்த விளக்கை நேராகப் பார்க்காதீர்கள், கண் கெடும்.

ரூட்டைல். அடர் சிவப்பு அல்லது கருஞ்சிவப்பு, நீண்ட குச்சி வடிவம், காந்தத்துக்கு அசையாது.

கிளிஞ்சல் துணுக்கு. சந்தேகம் வந்தால் ஒரு துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள், பொங்கினால் கிளிஞ்சல்.

இன்னொரு சோதனை ஊசி. சந்தேகப்படும் ஒரே ஒரு துகளை ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து ஊசி முனையால் அழுத்துங்கள். மோனசைட்டின் கடினம் மோஸ் அளவுகோலில் 5 முதல் 5.5, நொறுங்கும். கார்னெட்டும் சிர்கானும் 7 அளவில், வழுக்கி ஓடும். தண்ணீர் கட்டாயம், தூசு பறக்கக் கூடாது. ஒரு துகளுக்கு மேல் நொறுக்க வேண்டாம்.

மாலையில் அறைக்குத் திரும்பியதும், குவியலைப் பழைய சி.எஃப்.எல். விளக்கின் கீழ் பாருங்கள். வெயிலில் தேன் நிறமாக இருந்தது பச்சை கலந்ததாகத் தோன்றும். நியோடிமியம் மஞ்சள் ஒளியின் ஒரு பட்டையை உறிஞ்சிக்கொள்வதால் இப்படி. இது துணைச் சான்று மட்டும். ஆனால் மாணவர்கள் இதைப் பார்த்து மகிழ்வது போல வேறெதற்கும் மகிழ்ந்ததில்லை.

9. ஐந்து குவியலையும் எண்ணுங்கள்

இப்போது கவுண்டர். பலர் நான்காம் குவியலை மட்டும் எண்ணிவிட்டு "அதிகம் காட்டுகிறது, மோனசைட்தான்" என்பார்கள். போதாது. ஐந்து குவியலையும், ஆறாவதாக வெளுத்த மணலையும் எண்ண வேண்டும். எல்லாம் ஒரே எடை, ஒரே வகைச் சிறு பை, கவுண்டரிலிருந்து ஒரே தூரம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம். எண்ணாத பைகள் மேசையில் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. அறையின் மறுமூலையில் வையுங்கள். அவற்றின் கதிரும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும்.

பார்க்க வேண்டியது இதுதான்: மஞ்சள் எங்கே போகிறதோ எண்ணிக்கையும் அங்கே போக வேண்டும். மேக்னடைட் குவியலும் இல்மனைட் குவியலும் குறைவாக, நான்காவது தெளிவாகக் கூடுதலாக, ஐந்தாவது இடையில். கண்ணும் காந்தமும் கவுண்டரும் ஒரே குவியலைக் காட்டினால் நீங்கள் நம்பலாம்.

ஒருமுறை எங்கள் இரண்டாம் குவியல் அதிகம் காட்டியது. லென்ஸில் பார்த்தால் இல்மனைட் நடுவே மஞ்சள் சிதறிக் கிடந்தது. மணல் சரியாகக் காயவில்லை. மறுபடி அலசி, காயவைத்து, முதலிலிருந்து செய்தோம். அன்று இரவு பத்து மணி ஆயிற்று. ஆனால் எண்ணிக்கை அப்படியே நான்காம் குவியலுக்கு இடம் மாறியதைப் பார்த்தபோது அந்த மாணவர்கள் பட்ட சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

10. கட்டுவது, கையாள்வது

அனுமதிக் கடிதத்தில் உள்ள அளவுக்கு மேல் ஒரு கிராம்கூட வேண்டாம். ஆய்வகத்துக்குச் சில கிராம் போதும். இரண்டாவது வாளியில் சேர்ந்த மணலைக் கிளம்பும் முன் அதே குழியில் கொட்டி, குழியை மூடி, மிதித்துவிட்டு வாருங்கள். மூடாத குழியில் இரவில் படகு தள்ளுபவர் கால் விழும்.

இரட்டைப் பை. இரண்டு பைக்கும் நடுவே ஒரு சீட்டு: மாதிரி எண், தேதி, ஜி.பி.எஸ். அளவு, குழியின் ஆழம், எந்தப் பட்டை, எந்தக் குவியல். சீட்டை உள்பைக்குள் போட்டால் ஈரத்தில் மை கரையும். பைக்கு வெளியே மட்டும் எழுதினால் உரசி அழியும்.

தோரியத் துகள் உடம்புக்குள் போவதுதான் உண்மையான ஆபத்து. ஆகவே காய்ந்த மணலைக் கையாளும்போது முகக்கவசம், கையுறை. அந்த மேசையில் சாப்பாடு, டீ கிடையாது. ஊதி ஊதித் துகள் பிரிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதைக் கண்டிப்பாக நிறுத்துங்கள். முடித்ததும் மேசையை ஈரத் துணியால் துடையுங்கள், துடைப்பம் வேண்டாம்.

மாதிரியைப் படுக்கையறையிலோ சட்டைப் பையிலோ வைக்காதீர்கள். தோரியம் சிதையும்போது தோரான் என்ற வாயு வெளிவரும். மூடிய டப்பாவைத் திறக்கும்போது காற்றோட்டமான இடத்தில் திறந்து, முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்குத் திரும்பிய அன்றே பொறுப்பாளரிடம் ஒப்படைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள்.

11. ஆய்வகச் சீட்டில் என்ன எழுதுவது

களத்தில் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பிரிக்க முடியாத ஒன்று உண்டு: செனோடைம். அது இட்ரியம் பாஸ்பேட். நிறம், மினுக்கம், அடர்த்தி எல்லாம் மோனசைட்டுக்கு மிக அருகில். காந்த ஈர்ப்பு மட்டும் சற்றுக் கூட. கைக் காந்தத்தால் அந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது.

எக்ஸ் கதிர் ஒளிர்வுச் சோதனையில் பாஸ்பரஸோடு சீரியம், லாந்தனம், நியோடிமியம், தோரியம் சேர்ந்து தெரிந்தால் மோனசைட். இட்ரியம் மேலோங்கினால் செனோடைம். ஆகவே சீட்டில் "மோனசைட்" என்று எழுதாதீர்கள். "மோனசைட் எனக் கருதப்படுவது, நான்காம் காந்தப் பிரிவு" என்று எழுதி, ஆறு குவியலின் எண்ணிக்கைகளையும் கீழே வரிசையாகக் குறித்து, வெளுத்த மணலின் பையையும் சேர்த்தே அனுப்புங்கள்.